சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருக்க, வீட்டிலிருந்தே வேலை: முழுமையான வழிகாட்டி

1 முதல் 5 வயது வரை பிள்ளை வைத்துக்கொண்டு, வீட்டில் லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த சக ஊழியர்கள் பலர் இப்படித் தொடங்கி, முதல் வாரத்திலேயே திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உழைப்பில் அவர்கள் குறை வைப்பதில்லை. வரிசைதான் தப்பாகிறது. மேசை, நாற்காலி, ஹெட்செட், ஒரு பெட்டி நிறைய பொம்மை என்று எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை 9 மணிக்கு உட்காருவார்கள். பத்தரைக்குப் பிள்ளை மடியில் ஏறி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட இன்னொரு பெரியவர் இல்லாமல், இரண்டு வயதுப் பிள்ளையோடு 8 மணி நேர வேலையை முழுதாக முடிக்க முடியாது. நாலு அல்லது ஐந்து மணி நேரம் கிடைத்தாலே நல்ல நாள். மீதி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் முதல் நான்கு படிகளின் வேலை. மேசையும் பொம்மையும் அதற்குப் பிறகு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு நோட்டு, மைக்கை உடனே அணைக்கும் பட்டன் உள்ள ஹெட்செட், உயரத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, ரவுட்டருக்கு மின்சாரம் போனாலும் ஓடும் ஏற்பாடு. இதற்கு மேல் எதையும் இப்போதே வாங்க வேண்டாம்.

1. ஒரு வாரம் பிள்ளையின் நாளை எழுதுங்கள்

எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், தானாக உட்கார்ந்து விளையாடிய நேரம், காரணமே இல்லாமல் சிணுங்கிய நேரம். இந்த ஐந்தையும் திங்கள் முதல் வெள்ளி வரை நோட்டில் குறியுங்கள். சனி, ஞாயிறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளில் பிள்ளையின் நடப்பே வேறு.

ஏன் எழுத வேண்டும்? "மதியம் ரெண்டு மணி நேரம் தூங்குவான்" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். எழுதிப் பார்த்தால் ஒரு நாள் 40 நிமிடம், ஒரு நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று இருக்கும். திட்டம் போட வேண்டியது அந்த 40 நிமிடத்தை வைத்து. கூடுதலாகக் கிடைத்தால் லாபம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 1–2 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், 3–4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் அடக்கம். அதாவது, மூன்று வயதுப் பிள்ளை இரவிலேயே 11 மணி நேரம் தூங்கிவிட்டால் பகலில் தூங்க மறுப்பது இயல்பு. அடித்துப் பிடித்துத் தூங்கவைத்தால் இரவு 11 மணி வரை முழித்திருக்கும். ஆக, பகல் தூக்கத்தை மட்டுமே நம்பிப் போட்ட திட்டத்துக்கு ஆயுள் குறைவு.

தூளியில் தூங்கும் பிள்ளை என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. ஆட்டம் நின்றதும் கண் விழிக்கும். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறுகையால் டைப் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொக்கியின் கிரீச் சத்தம் மீட்டிங்கில் எல்லோருக்கும் கேட்கும். யார் வீட்டில் கதவு சரியில்லை என்று யாராவது கேட்பார்கள். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாயிலோ மெத்தையிலோ தூங்கப் பழக்கிவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு அதற்குப் பொறுமை இருக்காது.

2. வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் வகை, கதவை மூடிக்கொண்டு செய்தே ஆக வேண்டியது: வாடிக்கையாளர் கால் (போனிலோ வீடியோவிலோ பேசுவது), நேர்காணல், சம்பளக் கணக்கு, ஒரு எண் மாறினாலும் வம்பாகும் எதுவும். இரண்டாவது, யோசித்துச் செய்ய வேண்டியது: புரோகிராம் எழுதுவது, அறிக்கை தயாரிப்பது. இதைப் பாதியில் விடலாம், ஆனால் பிள்ளை காலைப் பிடித்து இழுக்கும்போது செய்ய முடியாது. மூன்றாவது, பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் நடப்பது: டைம்ஷீட், மெயில் படிப்பது, பேச வேண்டியில்லாத மீட்டிங், அலுவலகம் கட்டாயமாகப் பார்க்கச் சொல்லும் பயிற்சி வீடியோ.

இப்போது நோட்டை எடுத்து, பிள்ளையின் நாள் மேல் இவற்றைப் பொருத்துங்கள். பிள்ளை தூங்கும் நேரத்தில் இரண்டாம் வகை. வேறொருவர் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் முதல் வகை. பிள்ளை பக்கத்தில் விளையாடும்போது மூன்றாம் வகை.

புதியவர்கள் இங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள். பிள்ளை தூங்கியதும் "அப்பாடா" என்று உட்கார்ந்து மெயிலைத் திறப்பார்கள். பதில் போட்டு முடிப்பதற்குள் பிள்ளை எழுந்துவிடும். கஷ்டமான வேலை அப்படியே கிடக்க, அது இரவு 10 மணிக்குப் போகும். தூங்கியதும் மெயிலைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி இரவு வேலை குறையும்.

வெளிநாட்டுக் கால் இருப்பவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். லண்டனில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மதியம் 1:30, குளிர்காலத்தில் 2:30. பகல் தூங்கும் பிள்ளை என்றால் இது வசதி. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. பெரும்பாலான வீடுகளில் பிள்ளை நாளிலேயே அதிகமாகச் சிணுங்குவது மாலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவில்தான். அமெரிக்க டீமில் இருப்பவர்களுக்கு மாலையில் இன்னொரு பெரியவர் கட்டாயம் வேண்டும். காலையில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இது மாறாது.

3. யார் நேரம் எது என்று எழுதி ஒட்டுங்கள்

எந்த நேரத்திலும் பிள்ளைக்கு ஒருவர்தான் பொறுப்பு. இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பிள்ளை குளியலறையில் மக்குத் தண்ணீரோடு இருக்கும்.

கணவன் மனைவி இருவரும் வீட்டில் வேலை பார்த்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாறாதீர்கள். இரண்டு அல்லது மூன்று மணி நேரத் துண்டாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளை ஒரு முறை அழும், இருவரின் கவனமும் ஒரு முறை சிதறும். மாறும்போது மூன்று தகவல் சொன்னால் போதும்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது ஒன்றுக்குப் போனது, எப்போது தூங்கி எழுந்தது. இதைச் சொல்லாமல் கதவை மூடிக்கொண்டால், பத்து நிமிடத்தில் "இவன் சாப்பிட்டானா?" என்று தட்டல் வரும்.

பாட்டியோ தாத்தாவோ கூட இருந்தால் பெரிய வரம்தான். ஆனால் காலை முதல் மாலை வரை அவர்கள் தலையில் கட்டுவது ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. அவர்களுக்கும் முழங்கால் வலி, மதியத் தூக்கம், பிடித்த சீரியல் எல்லாம் உண்டு. "அத்தை, காலையில 10 மணியிலேர்ந்து பன்னண்டரை வரைக்கும் மட்டும் பாத்துக்கிறீங்களா? அப்புறம் நான் வந்துடறேன்" என்று மணிக்கணக்கோடு கேளுங்கள். பன்னிரண்டரைக்கு உண்மையிலேயே எழுந்து வாருங்கள். ஒரு நாள் ஒரு மணி வரை இழுத்துவிட்டால் பரவாயில்லை என்பார்கள். தினமும் இழுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஊருக்குப் போகும் தேதி நெருங்கும்.

பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம் "அப்படியே கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பிள்ளையை விடாதீர்கள். பிள்ளை பார்ப்பது தனி வேலை. தனியாக நேரமும் சம்பளமும் பேசி வைத்தால்தான் அவருக்கும் நியாயம், உங்களுக்கும் உறுதி.

இது எதுவும் இல்லாதவர்கள், 3 வயது முடிந்திருந்தால் தெருவிலுள்ள அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வியும் மதியச் சாப்பாடும் அங்கே உண்டு. இல்லையென்றால் பக்கத்துப் பிளேஸ்கூலில் காலை மட்டும் விடலாம். பலர் பிளேஸ்கூலைப் படிப்பு என்று நினைத்து "இன்னும் சின்னப் பிள்ளை" என்று தள்ளிப்போடுகிறார்கள். உங்களுக்கு அதிலிருந்து வேண்டியது பாதுகாப்பான மூன்று மணி நேரம்.

4. அலுவலகத்தில் பேசுவது

மேலே உள்ள மூன்று படி முடிந்த பிறகுதான் மேலாளரிடம் பேச வேண்டும். கையில் நேரக் கணக்கு இல்லாமல் போனால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்படிக் கேட்டால் இருவருக்கும் எது ஒப்பந்தம் என்றே தெரியாது.

எழுத்தில் இப்படி அனுப்பலாம்: "காலை 10 முதல் 12:30 வரை, மதியம் 2 முதல் 4 வரை உடனுக்குடன் பதில் தருவேன். மாலை 5:30 முதல் 7 வரை அவசரம் என்றால் மட்டும் போனில் கூப்பிடுங்கள். மீதி வேலையை இரவு 8:30க்குள் முடித்து அனுப்புவேன்." அலுவலகக் காலண்டரிலும் இதையே அடைத்து வையுங்கள். வாக்குக் கொடுத்த நேரத்தில் கட்டாயம் இருங்கள். முதல் இரண்டு வாரம் இதில் நம்பிக்கை வந்துவிட்டால், பிறகு அந்த மாலை நேரத்தை யாரும் தொட மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பைக் கொடுத்தது. அந்த விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளில் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு என்பதைக் கவனியுங்கள். நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இதை வைத்து வாதாட முடியாது. காப்பகத்தைப் பற்றிக் கேட்கலாம். நிறையப் பேர் கேட்பதே இல்லை.

5. இப்போது இடம்

முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் மேசை. காலில் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் காது பாதிதான் வீட்டில் இருக்கும். அந்தப் பாதி காது போதும் என்ற அளவுக்கு வீடு இருக்க வேண்டும்.

குளியலறையில் நிரம்பிய வாளி இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளை மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். கதவுக்கு வெளியே, உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். பால்கனியில் ஸ்டூல், கவிழ்த்த பக்கெட் எதுவும் வேண்டாம். கொசு மருந்துப் பாட்டிலைக் கைக்கு எட்டும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியின் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மேசை படுக்கையறை மூலையில், முகம் கதவைப் பார்த்தபடி இருக்கட்டும். கதவு திறப்பது தெரிந்தால் மைக்கை அணைக்க இரண்டு நொடி கிடைக்கும். ஹால் டைனிங் டேபிள் மூன்றாம் வகை வேலைக்குச் சரி, மற்றதற்கு ஆகாது. சார்ஜர் வயர் தரையில் தொங்கக் கூடாது. சூடான டம்ளரை லேப்டாப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இது லேப்டாப்புக்காக மட்டும் சொல்வதில்லை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி, மதியம் 2 வரையோ மாலை வரையோ நீளும். தேதி முந்தின நாள் பேப்பரில் வரும். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுக்கும் பலர், பிள்ளை தூங்கும் அறையின் மின்விசிறிக்குக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். நெட் நிற்காது, ஆனால் புழுக்கத்தில் பிள்ளை எழுந்துவிடும். கதை ஒன்றுதான்.

குக்கர், மிக்ஸி வேலைகள் 10 மணிக்குள் முடியட்டும். தண்ணீர் கேன் போடுபவரிடமும் கூரியர்காரரிடமும் "பெல் அடிக்காதீங்க, போன் பண்ணுங்க" என்று சொல்லி, கதவிலும் எழுதி ஒட்டுங்கள்.

6. உட்காருவதற்கு முன் பிள்ளையை நிறைத்துவிடுங்கள்

வரிசை இது: சாப்பாடு, ஒன்றுக்கு, 15 அல்லது 20 நிமிடம் போன் இல்லாமல் தரையில் உட்கார்ந்து கூட விளையாட்டு, பிறகு பக்கத்திலேயே கொஞ்ச நேரம் சும்மா இருப்பது, அப்புறம் லேப்டாப். பசியோடும் நனைந்த ஜட்டியோடும் எந்தப் பிள்ளையும் தனியாக விளையாடாது. கூட விளையாடும் நேரத்தை வெட்டி மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். அந்த 20 நிமிடத்தை மிச்சம் பிடித்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை அதைத் துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளும்.

பொம்மைகளை மூன்று பையாகப் பிரித்து, ஒரு பையை மட்டும் வெளியே வையுங்கள். மற்ற இரண்டும் அலமாரி மேல். நாலைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். எல்லாம் வெளியே கிடந்தால் எதுவும் புதிதாக இருக்காது. கடைப் பொம்மையை விட நீண்ட நேரம் ஓடுவது சமையலறைச் சாமான்: அடுக்கும் எவர்சில்வர் டப்பா, துணி கிளிப்பை ஒரு கூடையின் விளிம்பில் மாட்டிக் கழற்றுவது, ஒரு தட்டில் ரவையும் ஸ்பூனும். ரவை தரையெல்லாம் போகும். அதைப் பெருக்கி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும், கிடைப்பதோ இருபது. எனக்கு இது நல்ல வியாபாரம்.

எவ்வளவு நேரம் எதிர்பார்க்கலாம்? இரண்டு வயதில் 10, 15 நிமிடம். நாலு வயதில் அரை மணி நேரம். அதற்குள் தானாக எழுந்து போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அழுத பிறகு போனால், அழுதால்தான் வருவார்கள் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும்.

நொறுக்குத்தீனி டப்பாவைக் காலையிலேயே நிரப்பி, எட்டும் இடத்தில் வையுங்கள்: இட்லித் துண்டு, வாழைப்பழம், வேகவைத்த கேரட். 4 வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை கொடுக்கவே வேண்டாம். தொண்டையில் அடைத்தால் சத்தம் வராது. ஹெட்செட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

7. டிவியைச் சேமித்து வையுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தைக் காலையில் செலவழிக்காதீர்கள். தள்ளிப்போட முடியாத கால் எது என்று பார்த்து, அதற்கென்று வைத்திருங்கள்.

போனை விட டிவி மேல். உங்கள் போன் உங்களுக்கே வேண்டும். ஓடிபி வரும், மேலாளர் கூப்பிடுவார். பிள்ளை கையிலிருந்து அதைப் பிடுங்கும்போது வரும் அழுகை சரியாகக் காலின் நடுவில் வரும். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிட்டு, முடிவுள்ள இரண்டு எபிசோடு போடுங்கள். கதை முடிந்து நிற்பதைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும், நீங்கள் பாதியில் நிறுத்துவதை ஏற்காது.

8. காலின் நடுவில் கதவு திறந்தால்

மைக்கை அணை, கேமராவை அணை, பிறகு திரும்பு. இந்த வரிசை கைப்பழக்கமாகும் வரை செய்து பாருங்கள். எதிரே இருப்பவர்களிடம் "ஒரு நிமிடம், வந்துவிடுகிறேன்" என்று ஒரே வரி. நீண்ட மன்னிப்பு வேண்டாம். பிள்ளையின் குறுக்கீட்டை விட அதுதான் அதிக நேரம் எடுக்கிறது.

மூன்று வயதுக்கு மேல் என்றால் கதவில் சிவப்புத் துணி கட்டி, "இது இருந்தா அம்மா பேசிட்டிருக்கா" என்று விடுமுறை நாளில் விளையாட்டாகப் பழக்கலாம். பிள்ளையை உள்ளே உட்காரவைத்து, நீங்கள் வெளியே நின்று தட்டாமல் காத்திருந்து காட்டுங்கள். மூன்றுக்குக் கீழே இதெல்லாம் வீண். தாழ்ப்பாள்தான் வழி, உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வெளியே ஒரு ஆள்.

9. திட்டம் உடையும் நாட்கள்

காய்ச்சல் நாளில் வேலை பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அரை நாளாவது விடுப்பு போடுங்கள். பாதி மனதோடு செய்ததை மறுநாள் திருத்த ஒரு முழு நாள் போகும்.

சில நாட்களை முன்பே அறியலாம். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டிபிடி தடுப்பூசியின் பூஸ்டருக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சாதாரணம். தடுப்பூசி போட்டதற்கு மறுநாள் முதல் வகை வேலை எதையும் வைக்காதீர்கள். தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமை நல்லது.

10. கணக்கை எப்போது புதுப்பிப்பது

இரவு லேப்டாப்பை மூடும் முன், மறுநாள் பிள்ளை முதலில் தூங்கும் நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை நோட்டில் எழுதி, அதற்கான கோப்பைத் திறந்தபடியே விடுங்கள். தேடுவதில் பத்து நிமிடம் போகாது.

பகல் தூக்கம் நின்றால், பிளேஸ்கூல் தொடங்கினால், பாட்டி ஊருக்குப் போனால், முதல் படியிலிருந்து மறுபடி எழுதுங்கள். பழைய அட்டவணையை ஒட்டுப்போட்டு ஓட்டப் பார்க்காதீர்கள். அமெரிக்க டீமில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று அங்கே கடிகாரம் மாறும், உங்கள் மாலைக் கால் ஒரு மணி நேரம் நகரும். பிள்ளைக்கு இரவுச் சோறு ஊட்டுவது யார் என்பதை முந்தின வாரமே பேசி வையுங்கள்.